அடியில் நின்ற புளிப்பு

கடைக்காரம்மா பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து மேசைமேல் வைத்தாள். பாட்டிலை, எண்ணெய் ஆட்டிக் கொடுக்கும் வீட்டின் மூத்த மருமகளான பெரியவளின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே சொல்லுங்க."

மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மூடி கழன்றதுமே வாடை வந்துவிட்டது, புதிதாகப் பெயின்ட் அடித்த கதவைப் போல. ஆளி விதை எண்ணெய் கெட்டால் அப்படித்தான். மற்ற எண்ணெய்கள் சிக்கு வாடை அடிக்கும். இதுமட்டும் வர்ணம் பூசுகிறவன் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல நாறும்.

"உடம்புக்கு நல்லதுன்னு வாங்கிட்டுப் போறாங்க. நேத்து ஒருத்தர் வந்து, இதை ஜன்னலுக்கு அடிக்கிறதா, கதவுக்கு அடிக்கிறதான்னு கேட்டுட்டுப் போனார். கடை நிறைய ஆளு. நான் என்ன பதில் சொல்ல?"

இப்போதும் கடை நிறைய ஆள்தான் இருந்தார்கள். சோப்பு எடுக்க வந்த ஒருத்தி சோப்பை எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றாள். கடைக்காரம்மா பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அடிப்பக்கத்தை நகத்தால் தட்டிக் காட்டினாள். பழுப்புக் கண்ணாடிக்குள், எண்ணெய்க்குக் கீழே இன்னொரு திரவம் தனியாக நின்றது. ஒரு கரண்டி அளவு. பாட்டிலைச் சாய்த்தால் கண்ணாடியோடு ஒட்டாமல் உருண்டு ஓடியது.

"தண்ணி. பாட்டிலைக் கழுவி ஈரத்தோட ஊத்தியிருக்கீங்க. நீங்க அனுப்பின அத்தனையிலும் இருக்கு. பாட்டில் காயறவரைக்கும் பொறுக்காத கை எனக்கு எண்ணெய் ஆட்டித் தர வேணாம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

பெரியவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. அவளா ஈரப் பாட்டிலில் ஊற்றுகிறவள்? கழுவி, கவிழ்த்து, மறுநாள் வெயிலில் வைத்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் புனலை வைப்பாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கடைக்காரம்மா கையில் இருந்த பாட்டிலுக்குள் அந்தத் தண்ணீர் உருண்டு காட்டியது. கண்ணுக்கு எதிரே நிற்கிறதை இல்லை என்று எப்படிச் சொல்வது? சோப்புக்காரி பாட்டில் பெட்டியைத் தூக்கிக் கைவண்டியில் வைக்க உதவினாள். அந்த உதவி பெரியவளுக்கு அடியைவிட அதிகமாக வலித்தது.

வழி முழுக்கப் பாட்டில்கள் கிலுங்கின. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள் முகத்தைப் பார்த்து, எதிரே வந்தவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள்.

வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கிற அந்த ஒற்றை அறைதான் செக்கு அறை. மாட்டுச் செக்கு இல்லை. மேசைமேல் உட்கார்ந்திருக்கும் சின்ன இயந்திரம். மாமனார் வாங்கிப் போட்டது. அவர் போனபிறகு இரண்டு மகன்களில் ஒருவனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூத்தவன், பெரியவளின் புருஷன், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இளையவன் மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன். வீட்டில் அவனுக்கு டாக்டர் என்று பேர். யாருக்குத் தலைவலி என்றாலும் அவன்தான் மாத்திரை சொல்வான், அதனால் வந்த பேர். பெரியவள் மட்டும் ஊசி போடத் தெரியாத டாக்டர் என்பாள், அவன் காதுபடவே. கல்லூரியில் ரசாயனம் படித்துவிட்டு, படித்ததை வைத்து எங்கும் போகாமல் மருமகளாக வந்தவள், தூசி படிந்து கிடந்த அந்த இயந்திரத்தைத் துடைத்து ஓட்டி நாலு வாடிக்கை சேர்த்தாள். அந்த அறையின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.

கொஞ்சமாக ஆட்டுவாள். பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, சீக்கிரம் விற்றுவிடுவாள். கெட்டுப்போக அதற்கு நேரமே கொடுக்கமாட்டாள். அதுதான் அவள் முறை.

டாக்டருக்கு அந்த முறை பிடிக்கவில்லை. ஒரே தடவையில் நிறைய ஆட்டி வைத்தால் மாதக்கணக்கில் விற்கலாமே என்றான். கெட்டுப்போகுமே என்றாள். எண்ணெயைக் கெடுக்கிறது காற்றுதான், காற்று வந்து எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் அதைத் தன்மேல் வாங்கிக்கொள்கிற பொருள் ஒன்று இருக்கிறது, வைட்டமின் சி, எங்கள் கடையிலேயே தூளாகக் கிடைக்கிறது என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அவளும் படித்ததுதான். மாமியார் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பார்த்தாயா என் பிள்ளையின் மூளையை என்பதுபோல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்.

எவர்சில்வர் டிரம் நிறைய ஆட்டினார்கள். வெள்ளைத் தூளைப் போட்டார்கள். அது மணல்மாதிரி இறங்கி அடியில் உட்கார்ந்துகொண்டது. கலக்கினால் எழுந்தது; கையை எடுத்தால் மறுபடி உட்கார்ந்தது. "உங்க மருந்துக்கு எங்க எண்ணெய் பிடிக்கல போலிருக்கே டாக்டர்" என்று பெரியவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்து அன்றைக்கே அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். சாவியை ஓரகத்தி சின்னவளிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வந்து பார்த்தபோது அடியில் தூள் இல்லை. எண்ணெய் மேலே தெளிவாக நின்றது. விடாமல் கலக்கினேன் அண்ணி, கரைந்துவிட்டது என்றான் டாக்டர். பாட்டிலில் ஒட்டுவதற்குச் சீட்டுகூட அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான்: வைட்டமின் சி சேர்த்தது, நாள்பட்டாலும் கெடாது. டிரம்மின் குழாய் அடிப்பக்கம் இருந்தது. குழாயைத் திறந்ததும் முதல் பாட்டில்களில் எண்ணெய் சற்று மங்கலாக விழுந்தது. புது எண்ணெய் எப்போதும் முதலில் மங்கல்தான், போகப்போகத் தெளியும் என்று அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முதலில் பிடிக்கிற பாட்டில்கள் கடைக்காரம்மாவுக்குத்தான் போகும். யாரும் வாங்காத நாளில் முதன்முதலாக வாங்கியவள் அவள். அந்த மரியாதைக்காக முதல் பிடி எப்போதும் அவளுக்கு. கடைசியில் வந்தவை வீட்டு அலமாரியில் நின்றன.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். விடுமுறை நாள். பெரியவள் பெட்டியைத் தரையில் வைத்த சத்தத்தில் அவள் புருஷன் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்தான். நடந்ததை அவள் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டான். அடியில் நின்ற தண்ணீரைப் பார்த்தான். பார்த்தவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. வந்த வேகத்திலேயே போய்விட்டதால் அவள் அதற்கு அப்போது பேர் வைக்கவில்லை.

"அவங்க சொல்றது சரிதானே அண்ணி. தண்ணி இருக்கே. ஈரப் பாட்டில்ல ஊத்தினா வைட்டமின் என்ன பண்ணும், அமிர்தத்தைப் போட்டாலும் கெடத்தான் செய்யும்."

"நான் ஈரப் பாட்டில்ல ஊத்தமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பின்ன தண்ணி எங்கேருந்து வந்துச்சு? மழை பெய்ஞ்சு உள்ளே போச்சா?"

மாமியார் சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை. மூக்கால் விட்ட மூச்சு. பெரியவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மடித்த செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தான். சின்னவள் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இலையையும் காம்பையும் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா வீடு, அம்மா வீடு என்று மனசு அங்கே கிடந்தால் கை இங்கே எப்படி ஓடும் என்று மாமியார் ஆரம்பித்தாள். பிறகு, பிள்ளை நல்ல யோசனைதான் சொன்னான், செய்கிறவர்கள் சரியாகச் செய்யவில்லை என்றாள். பிறகு, இனிமேல் எண்ணெய் விஷயத்தை அவனே பார்த்துக்கொள்ளட்டும், நாலு இடம் போய் வருகிறவன் என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடும்மா."

பெரியவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அறையைச் சுத்தம் பண்ணிட்டுத் தரேன்" என்றாள். "கை சுத்தமில்லாதவன்னு ஏற்கெனவே பேர் வாங்கியாச்சு. அழுக்கா ஒப்படைச்சேன்னும் ஒரு பேர் வேணாம்."

செக்கு அறையில் அவள் எதையும் மெதுவாகச் செய்யவில்லை. வாளியை உதைத்தாள். துடைப்பத்தை வீசினாள். கடையிலிருந்து வந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணெயைத் தகர டின்னில் கவிழ்த்தாள். கெட்டாலும் ஒரு தச்சருக்குக் கொடுத்தால் மரத்துக்குப் பூசிக்கொள்வார். அடித்தண்ணீர் தனியாகக் கிண்ணத்தில் விழுந்தது. இந்த ஒரு கரண்டித் தண்ணீரா என் மானத்தை வாங்கியது என்று அதைப் பார்த்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்திருந்தும் மூக்கு ஒழுகியது. கையின் பின்பக்கத்தால் துடைத்துக்கொண்டாள். அந்தக் கையில்தான் கிண்ணத்தில் விழுந்தது தெறித்திருந்தது.

உதடு சுருங்கியது.

புளிப்பு. சின்ன வயதில் சளி பிடித்தால் கொடுப்பார்களே, நாக்கில் வைத்ததும் கண்ணை இறுக்க வைக்கிற அந்த மாத்திரைப் புளிப்பு. அவள் விரலை விட்டு மறுபடி நக்கினாள். இன்னொரு பாட்டிலின் அடித்தண்ணீரை நக்கினாள். அதுவும் அதே புளிப்பு. குழாயில் வருகிற தண்ணீர் புளிக்காது.

அலமாரிக்குப் போய், கடைசியில் பிடித்த பாட்டில்களை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டும் இல்லை. அவையும் அதே பாட்டில்கள்தான், மற்றவற்றோடு சேர்த்தே அவள் கழுவியவைதான். ஆனால் மூடியைத் திறந்தால் இதிலும் லேசாகப் பெயின்ட் வாடை கிளம்பியிருந்தது.

துடைப்பம் கிடந்த இடத்திலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். தூள் கரையவேயில்லை. எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். யாரோ தண்ணீரில் கரைத்து டிரம்மில் ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் வைட்டமினையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அடிக்குப் போய்விட்டது. கலங்கி நின்ற அடி எண்ணெய் முதல் பாட்டில்களில் இறங்க, மரியாதை செய்து அனுப்பிய முதல் பிடியில் தண்ணீர் முழுக்கச் சேர்ந்துவிட்டது. பின்னால் வந்ததில் வைட்டமினும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் சீட்டு மட்டும்.

அந்த நேரத்தில் அவளுக்கு வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே வந்தது. தூள் காணாமல் போனபோது எங்கே போயிற்று என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? மூன்று வருஷம் சோதனைக் குழாயைக் குலுக்கியவள்தானே. ஆனால் மீதிப் பாதிக் கோபம் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

அவள் கிண்ணத்தையும் ஒரு கரண்டியையும், அலமாரிப் பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"இதுல தண்ணி இருக்கா பாருங்க" என்று பாட்டிலைப் புருஷன் மடியில் வைத்தாள். "அதே நாள், அதே டிரம். நான் ஈரத்துல ஊத்தியிருந்தா இதுலயும் இருக்கணும்." பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் தோய்த்து டாக்டரிடம் நீட்டினாள். "நக்கிப் பாருங்க."

"என்ன அண்ணி இது, விளையாட்டா?"

"எத்தனை பேருக்கு மாத்திரை எடுத்துக் குடுத்திருக்கீங்க. ருசி தெரியாதா உங்களுக்கு? நக்குங்க."

அவன் நக்கவில்லை. மெக்கானிக் எழுந்து வந்து கரண்டியை வாங்கி நாக்கில் வைத்தான். ஒரு கண் தானாகச் சுருங்கியது. தம்பியைப் பார்த்தான்.

"டேய். தண்ணியில கரைச்சு ஊத்தினியா?"

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்சம்தான் ஊற்றினேன், வெதுவெதுப்பான தண்ணீர், கரையட்டுமே என்றுதான், மேலே தெளிந்துவிட்டதால் கலந்துவிட்டது என்று நினைத்தேன் என்று மென்று விழுங்கினான். பெரியவள் கேட்டாள், ஊற்றியது குற்றமில்லை, தெரியாமல் செய்தது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தீர்களே, அப்போது தெரிந்ததா இல்லையா? அவன் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான். அவள் சின்னவளிடம் திரும்பினாள்.

"சாவி உன்கிட்டதானே இருந்தது. நீ பார்க்கல?"

சின்னவள் கீரையிலிருந்து தலையை எடுக்கவேயில்லை. அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பெரியவளுக்கு மற்ற எல்லாரும் மறந்து போனார்கள். டாக்டர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான், அது அவன் புத்தி. மாமியார் பிள்ளைக்குப் பேசினாள், அது அவள் வழக்கம். இவள்? சேர்ந்து பாட்டில் கழுவியவள். அக்கா அக்கா என்று வாசல்வரை வருகிறவள். வெயிலில் கவிழ்த்து வைத்ததைத் தன் கண்ணால் பார்த்தவள், ஈரப் பாட்டில் என்று சொன்னபோது கீரைக்காம்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மாமியார்தான் முதலில் சுதாரித்தாள். சரி, நடந்தது நடந்துவிட்டது, யார் செய்தால் என்ன, வீட்டுக்குள்ளே ஒருத்தரை ஒருத்தர் குத்திக்காட்டிக்கொண்டு இருக்க முடியுமா, சாவியை நீயே வைத்துக்கொள் என்றாள். தாராளமாகச் சொன்னாள். தானம் கொடுக்கிற குரல்.

"வச்சுக்கிறேன்" என்றாள் பெரியவள். "ஆனா கடையில என்னை நிக்க வச்சுக் கேட்டது வீட்டுக்குள்ளே இல்லயே, அத்தை. தெருவே நின்னு பார்த்துச்சு. ஊத்தினவர் அங்கே போய், ஊத்தினது நான்னு சொல்லட்டும். சொன்ன அன்னைக்குத்தான் இந்த மெஷின் ஓடும்."

"நானா? கடையில போயா?" என்றான் டாக்டர். "அவங்க நம்ம கடையில மருந்து வாங்கறவங்க அண்ணி. நாளைக்கு நான் எடுத்துக் குடுக்கிற மாத்திரையை நம்புவாங்களா?"

"அப்போ உங்க பேரு பேரு. என் பேரு கிண்ணத்துத் தண்ணியா?"

புருஷன் பின்னாலேயே வந்தான். விடேன், அவன் சின்னப் பையன் என்றான். முன்நெற்றி வழுக்கை விழுந்த சின்னப் பையன் என்று அவள் சொன்னாள். வேண்டுமானால் நான் போய் இதமாக எடுத்துச் சொல்கிறேன் என்றான். பூசி மெழுகுவதற்கு இது தரை இல்லை என்றாள். செக்கு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

அறை பூட்டியே கிடந்தது. அவள் சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்குச் சொல்லவில்லை. கடைக்காரம்மா கடை வழியாகப் போக வேண்டிய வேலைக்கெல்லாம் சுற்றுவழியாகப் போய்வந்தாள். டாக்டர் சீக்கிரமே வேலைக்குப் போய் நேரம் கழித்து வந்தான். மாமியார் சுவரிடம் பேசினாள்: இந்தக் காலத்தில் படித்த மருமகளைக் கொண்டுவரவே கூடாது என்று சுவருக்கு எடுத்துச் சொன்னாள். சின்னவள் இரண்டு தடவை "அக்கா" என்று ஆரம்பித்தாள். இரண்டு தடவையும் பெரியவள் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள்.

ஒரு காலையில் பெரியவள் வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சின்னவள் வந்து நின்றாள். வெளியே போகிற உடுப்பு. தலை வாரியிருந்தது. முகம் மட்டும் இரவெல்லாம் தூங்காத முகம்.

"கடைக்கு வாங்க அக்கா."

"எதுக்கு?"

"அவர் வரமாட்டார். நான் வரேன்."

"நீ எதுக்கு? ஊத்தினது உன் புருஷன்."

"வெந்நீர் வச்சுக் குடுத்தது நான்தான். செம்புல கொண்டுவந்து நீட்டினதே நான். அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவர் பாட்டிலைத் தூக்கினதும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் வாயைக் கட்டிடுச்சு."

பெரியவள் மறுபடி குனிந்து தேடினாள். செருப்பு கிடைத்தது. போட்டுக்கொண்டு நடந்தாள். சின்னவள் பின்னால் வருகிறாளா என்று பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடையில் அன்றைக்கும் ஆள் இருந்தது. சின்னவள் கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கவில்லை. அதை மட்டும் பெரியவள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள். மேசைக்கு முன்னால் போய் நின்று, அந்தத் தண்ணீர் பாட்டில் ஈரம் இல்லை, நாங்கள் தூளைக் கரைத்து ஊற்றியது, அக்கா ஊரில் இல்லாதபோது செய்தோம், அக்காவுக்குத் தெரியாது, தெரிந்தும் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்தபிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசைப் பார்த்தாள்.

கடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தண்ணியை ஊத்தி எண்ணெயைக் காப்பாத்தறதா? யாரு குடுத்த யோசனை?"

"எங்க வீட்டு டாக்டர்" என்றாள் பெரியவள்.

அரிசி அளந்துகொண்டிருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். கடைக்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அன்றைக்கு நானும் நாலு பேர் எதிரில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றாள். பெரியவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் அது பரவாயில்லை என்று விடக்கூடியதாக இல்லை. பாட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம், நீங்களாகவே முடிவுகட்டிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னாள். கடைக்காரம்மா தலையாட்டினாள். இனிமேல் கொஞ்சமாகவே ஆட்டிக் கொண்டுவாருங்கள், பழுப்புப் பாட்டிலிலேயே கொண்டுவாருங்கள், வைட்டமின் எல்லாம் வேண்டாம் என்றாள்.

"வேணும்னா அதுக்கும் வழி இருக்கு" என்றாள் பெரியவள். "கொழுப்போட சேர்த்துக் கட்டின வைட்டமின் சி தனியா வருது. அது எண்ணெய்க்குள்ள போகும். போட்டா ஒழுங்கா நான் போடுவேன். முதல்ல ஒரு பாட்டில்ல போட்டு, நாள்பட வச்சு மோந்து பார்த்துட்டு. சீட்டு அதுக்கப்புறம்தான் அச்சடிக்கணும்."

திரும்பி வரும்போது சின்னவள் பக்கத்தில் நடக்கலாமா பின்னால் நடக்கலாமா என்று தடுமாறி, இரண்டுக்கும் நடுவாக நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் பெரியவள் நேரே பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்தாள். அறைக்குள் அடைபட்டிருந்த பெயின்ட் வாடை முகத்தில் அடித்தது. அவள் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டு டிரம்மைச் சாய்த்தாள். அடியில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"அக்கா, நான் கழுவட்டுமா?"

"கழுவு. கழுவி வெயில்ல கவுத்து வை. நாளைக்குக் காலையில நான் விரலை விட்டுப் பார்ப்பேன்."

"எம்மேல இன்னும் கோபமா?"

"பின்ன? ஒரு தடவை கடைக்கு வந்துட்டா தீந்துடுமா?" பெரியவள் அந்தச் சீட்டுக் கட்டை எடுத்துக் கிழித்தாள். நாள்பட்டாலும் கெடாது என்று எழுதியிருந்த பக்கம் கிழிய மாட்டேன் என்றது. இரண்டாக மடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கிழித்தாள். "இன்னிக்கு எங்கிட்ட பேசாதே."

"நாளைக்கு?"

"நாளைக்கு டிரம் காஞ்சிருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

சின்னவள் டிரம்மை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கூடத்திலிருந்து மாமியார் குரல் கேட்டது, என்ன சத்தம் அங்கே என்று. தேய்க்கிற சத்தம் மட்டும், கோபமாக, வெகுநேரம் வந்துகொண்டிருந்தது.